கேஏ (கர்நாடகா) வண்டிக்கு ரெண்டு தடவை ஆயுள் வரி, ரீஃபண்ட் வாங்கியவர்கள் உதவுங்கள்

ஊர் கிருஷ்ணகிரி. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் புது கார் விசாரித்தேன். அதற்கு மேல் ஆயுள் வரி, அதாவது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, 13 சதவீதம் என்றார்கள், வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அதனால் பெங்களூரு மாமாவின் 2018 வேகன்ஆரை வாங்கினேன். மார்ச்சில் என்ஓசி (வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லாச் சான்று) எடுத்து, இங்கே மறுபடி ஆயுள் வரி கட்டி, டிஎன் 24 நம்பரும் வந்தாச்சு. மாமா கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதி காலத்துக்கான பணம்தான் வரவில்லை. அங்கே ஆர்டிஓ ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தேன். முதலில் புது ஆர்சி நகல் கேட்டார்கள், அப்புறம் வரி ரசீது, இப்போது வரி கட்டியவரே நேரில் வரணுமாம். மாமா துபாயில். ஏஜென்ட் கேட்பது 10,000. வரப்போகிற பணமே அவ்வளவு தேறுமோ என்னவோ!

மாமா வராமலே, அவர் கொடுக்கும் அதிகாரக் கடிதத்தை வைத்து இந்த ரீஃபண்டை யாராவது வாங்கியிருக்கிறீர்களா?