சிறிய ஆம்பில் திருத்தமாகக் கேட்கும் வாசிப்பு பெரிய ஆம்பில் ஏன் குலைகிறது?

ஆறாம்தந்தி எழுதியது:

வணக்கம். எட்டு மாதங்களாக எலெக்ட்ரிக் கிட்டார் பழகி வருகிறேன். வீட்டில் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பதற்காக, ஒரு கையில் தூக்கிச் செல்லக்கூடிய 3 வாட் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறேன். அதில் கேட்கும்போது என் வாசிப்பு எனக்கே திருப்தியாக இருக்கிறது.

சென்ற வாரம் நண்பர்களோடு ஒத்திகைக்குப் போன இடத்தில் 40 வாட் ஆம்ப் ஒன்று இருந்தது. அதே கிட்டார், அதே கேபிள், வீட்டில் வைத்திருந்த அதே குமிழ் நிலைகள். ஆனால் நான் தொடாத தந்திகளெல்லாம் முனகின. ஒரு சுரம் ஓங்கியும் அடுத்தது அமுங்கியும் ஒலித்தது. தாழ்ந்த தந்திகளில் வாசித்த பகுதி முழுவதும் குழம்பிப் போயிற்று. எட்டு மாத உழைப்பு எங்கே போனது என்று தெரியாமல் திரும்பினேன்.

சிறிய ஆம்பில் பழகியதுதான் தவறா? 20 வாட்டுக்கு மாறினால் சரியாகுமா? இரவில் புளூடூத் ஹெட்போனில் வாசித்துப் பார்த்தபோது ஒலி விரலுக்குப் பின்தங்கியே வந்தது. அதற்கு ஏதேனும் வழி உண்டா? கடைசியாக, என் அக்கா தன் வயலினில் பியசோ பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சிறு தகடு) பொருத்தி இதே ஆம்பில் செருகினால் தகரத்தைக் கீறுவதுபோல் கேட்கிறது. அதன் காரணத்தையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழையகேபிள் எழுதியது:

முதலில் வாட் கணக்கை ஒதுக்கிவிடலாம். மற்றவை மாறாதிருக்க, ஆம்பின் திறன் இரு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் திறன் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 3 வாட்டிலிருந்து 20 வாட்டுக்கு மாறுவது நீங்கள் எண்ணுகிற அளவுக்குப் பெரிய தாவல் அன்று. அறைக்குள் தனியாகப் பழகுகிறவருக்கு 3 வாட்டே மிச்சம்.

உங்கள் ஆம்பில் கெய்ன் குமிழ், அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் குமிழ், எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் இருக்கும் என்பது என் ஊகம். சிறிய பெட்டியின் ஒலி மெலிந்திருப்பதை ஈடுகட்ட எல்லோரும் முதலில் திருப்புவது அதைத்தான். கெய்ன் ஏற ஏற சிக்னலின் உச்சிகள் வெட்டுப்படுவதால், மெதுவாக மீட்டிய சுரமும் ஓங்கி மீட்டிய சுரமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. விரலின் ஏற்றத்தாழ்வை ஆம்ப் மெழுகிவிட, கேட்கிறவருக்கு அது சீரான வாசிப்பாகத் தோன்றுகிறது. பெரிய ஆம்ப் அதே குமிழ் நிலையிலும் இவ்வளவு எளிதில் வெட்டாது என்பதால், உள்ளது உள்ளபடி வெளியே வந்துவிட்டது.

தொடாத தந்திகள் முனகியதற்கும் காரணம் உண்டு. பெரிய ஆம்பின் ஒலி, கிட்டாரின் உடலையும் தந்திகளையும் அதிரவைக்கும் அளவுக்கு வலுவானது. வீட்டில் சும்மா கிடந்த தந்தி அங்கே சும்மா கிடக்காது. வாசிக்காத தந்திகளை உள்ளங்கையின் ஓரத்தாலும் இடக்கையின் சுட்டுவிரலாலும் அடக்கி வைக்கும் பழக்கம் சிறிய ஆம்பில் தேவைப்படாததால், அது உங்கள் கையில் ஏறவே இல்லை.

குழம்பியது தனிக்கதை. மிகத் தாழ்ந்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். மூன்று, நான்கு அங்குல ஸ்பீக்கர் அந்த ஆழத்தைச் சரிவரத் தள்ளாது. மேலே உள்ள கிளைச்சுரங்களைக் கொண்டு காதுதான் அடிச்சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. போதாததற்கு, சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாக மங்கிப் போகின்றன. ஃபிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-இல் இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். இந்த இரண்டையும் சரிக்கட்ட நீங்கள் பேஸ் (தாழ்ந்த ஒலி) குமிழை முழுதாகத் திருப்பி வைத்திருப்பீர்கள். அதே நிலையை 40 வாட் பெட்டிக்குக் கொண்டுபோனால் குழம்பாமல் என்ன செய்யும்? புதிய ஆம்பில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, வாசிக்கப்போகும் சத்தத்திலேயே, மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும்.

ஆகவே ஆம்பை மாற்ற வேண்டாம், அதை வைத்திருக்கும் விதத்தை மாற்றுங்கள். கெய்னை மிகக் குறைத்து, ரிவெர்பை (எதிரொலி விளைவை) முற்றிலும் அணைத்து, ஒரே தந்தியை மெதுவாக ஒரு முறையும் ஓங்கி ஒரு முறையும் மீட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெளிவாகக் கேட்கும் இடமே சாதகத்துக்கு உரிய இடம். ஆம்ப் இப்போது தரையில் காலருகே இருந்தால் அதை ஒரு நாற்காலியின் மேல் காது உயரத்துக்கு ஏற்றி, ஒன்றரை மீட்டர் தள்ளி, முகத்தைப் பார்த்தபடி வையுங்கள். கூர்மையான ஒலிகள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே குவிந்து போகும் இயல்புடையவை என்பதால், தரையில் இருக்கும் ஆம்பின் முழுத் தெளிவும் உங்கள் கணுக்காலுக்குத்தான் போய்ச் சேருகிறது. சத்தம் மிகக் குறைவாக இருந்தால், மின்சாரம் இல்லாமலே தந்தி எழுப்பும் ஓசையும் பிக் உரசும் ஓசையும் ஆம்பின் ஒலியோடு கலந்து காதை ஏமாற்றும். பேச்சுக்குரலைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்.

வில்லிசைக்கோல் எழுதியது:

புளூடூத் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானும் ஒரு மாதத்தை வீணாக்கியவள். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்குச் சாதாரணப் புளூடூத் ஹெட்போன்களுக்கு 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை பிடிக்கிறது. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 200 மில்லிசெகண்ட் தாமதம் என்பது கிட்டத்தட்ட எழுபது மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்பைக் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். நிமிடத்துக்கு 120 அடி என்னும் வேகத்தில் ஓர் அடியின் கால் பாகமே 125 மில்லிசெகண்ட்தான். இந்தத் தாமதத்தோடு பழகினால் தாளம் கெடுமே தவிர வேறு பயன் இல்லை. இரவுக்கு ஆம்பின் ஹெட்போன் துளையில் செருகும் கம்பியுள்ள ஹெட்போனே எளிய வழி.

ஆனால் பின்னணி இசையைத் தொலைபேசியிலிருந்து புளூடூத் வழியாக ஆம்புக்கு அனுப்பி, கிட்டாரைக் கேபிளில் செருகி வாசிப்பதில் சிக்கல் இல்லை. தாமதமாக வந்து சேரும் இசையைக் கேட்டுத்தானே நீங்கள் வாசிக்கிறீர்கள். ஹெட்போனில் சத்தத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் வகுத்த வரம்பு நாளொன்றுக்கு 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிறது. அதாவது 94 டெசிபெல்லில் ஒரு மணி நேரந்தான்.

அக்காவின் வயலினுக்கு வருகிறேன். கிட்டார் ஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) பொதுவாக 1 மெகா ஓம் அளவில் இருக்கும். கிட்டாரின் காந்தப் பிக்கப்புக்கு அது போதும், பியசோவுக்குப் போதாது. பியசோ ஒரு சிறு மின்தேக்கிபோல் நடந்துகொள்வதால், உள்ளீட்டின் மின்மறுப்பு குறையக் குறையத் தாழ்ந்த ஒலிகள் வடிகட்டப்பட்டுக் கீச்சொலி மட்டும் எஞ்சுகிறது. ஆக்ஸ் துளையில் (தொலைபேசி போன்றவற்றைச் செருகும் துளை) நேரடியாகச் செருகிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே மின்மறுப்பு இன்னும் மிகக் குறைவு. வயலினுக்கும் ஆம்புக்கும் இடையே, சில மெகா ஓம் முதல் 10 மெகா ஓம் வரை உள்ளீடு கொண்ட ஒரு பிரீஆம்ப் (முன்பெருக்கி) வைத்தால் மரத்தின் குரல் திரும்பி வரும். அதற்குப் பிறகும் சற்றுக் கீறினால் ட்ரெபிளைக் (கூர்மையான ஒலியைக்) குறைக்கச் சொல்லுங்கள்; கிட்டார் ஆம்பின் குணமே கிட்டாருக்காக வளைக்கப்பட்டதுதான்.

ஆறாம்தந்தி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பத்து நாட்களாகக் கெய்னைக் குறைத்து, ஆம்பை நாற்காலியில் வைத்துப் பழகுகிறேன். முதல் நாள் கேட்கச் சகிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொலைபேசியில் பதிவுசெய்து கேட்டபோது ஒரு குறிப்பிட்ட பிழை பிடிபட்டது: ஐந்தாம் தந்தியிலிருந்து நான்காம் தந்திக்கு மாறும் ஒவ்வொரு முறையும் விரலை அழுத்தம் தளர்த்தி விடுவதற்குப் பதிலாக வெடுக்கென்று தூக்குகிறேன், அந்தக் கணத்தில் ஐந்தாம் தந்தி வெறுமையாக ஒலித்துவிடுகிறது. எட்டு மாதமும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

புதிய சந்தேகம் ஒன்று. கெய்னைத் தொடாமலே, பேட்டரியில் சில மணி நேரம் ஓடிய பிறகு ஒலி கரகரக்கத் தொடங்குகிறது. அடாப்டரில் அப்படி இல்லை. ஆம்ப் பழுதாகிறதா?

பழையகேபிள் எழுதியது:

பழுது இல்லை, பேட்டரி இறங்குகிறது. ஆறு ஏஏ பேட்டரிகள் சேர்ந்து புதிதாக இருக்கும்போது 9 வோல்ட் தருகின்றன, ஒவ்வொன்றும் 1.1 வோல்ட்டுக்கு இறங்கினால் மொத்தம் 6.6 வோல்ட். திறன் வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அந்த நிலையில் வெட்டுப்படாமல் தரக்கூடிய திறன் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. முன்பு கெய்ன் ஏற்றி வாசித்தபோதும் இது நடந்திருக்கும், அந்தக் கரகரப்போடு கலந்து உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். சாதகத்துக்கு அடாப்டரையே பயன்படுத்துங்கள், வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டும் பேட்டரி போடுங்கள். சில சிறு ஆம்ப்களில் உள்ளீட்டுத் துளையில் கேபிள் செருகியிருந்தாலே பேட்டரி இணைப்பில் இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுவது நல்லது.

அடாப்டரை வேறு எதனோடும் மாற்றிப் போடும்முன் அதன்மேல் அச்சிட்டிருக்கும் சிறு வட்டப் படத்தைப் பாருங்கள். கிட்டார் சாதனங்களில் பெரும்பாலும் நடுமுனை எதிர்மின். மற்ற பல கருவிகளில் நடுமுனை நேர்மின். இரண்டும் 9 வோல்ட்டாகவும், இரண்டின் முனையும் ஒரே பருமனாகவும் இருக்கலாம். ஒருமுறை அவசரத்தில் கீபோர்டின் அடாப்டரை என் சிறிய ஆம்பில் செருகினேன்; சத்தமே இல்லாமல் அது இறந்துபோனது. அன்று முதல் என் அடாப்டர்கள் ஒவ்வொன்றிலும் எந்தக் கருவிக்கு உரியது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.