ஆஷ் இல்லாத போக்கிமான்: முதல் 13 அத்தியாயங்களுக்குப் பின் ஒரு பழைய ரசிகையின் தயக்கம்

தலவாக்கலைத் தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களைத் துணையாகப் பழக்கி மோதவிடும் ஜப்பானிய அசைபட வரிசையில் புதிய ‘போக்கிமான் ஹொரைசன்ஸ்’ தொடரை நான் மிகவும் பிந்தித்தான் தொடங்கினேன். 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் அதன் முதல் இரண்டு அத்தியாயங்களும் ஒரே மூச்சில் வெளியானபோதே தெரிந்தவர்கள் பார்க்கச் சொன்னார்கள். ஆனால் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான், மார்ச் 24 அன்று, பழைய தொடரின் நாயகன் ஆஷும் அவனுடைய துணைப் போக்கிமான் பிகாச்சுவும் விடைபெற்றுப் போயிருந்தார்கள். கருமாதி முடியாத வீட்டில் கலியாணப் பேச்சு எடுத்ததைப் போல எனக்கு அது பட்டது. அதனால் ஒதுக்கி வைத்தேன். கடந்த மாதம் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்து நின்றபோது, அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு எனக்காகவும் தொடங்கினேன்.

என்னைப் பற்றி இரண்டு வரிகள் சொன்னால்தான் கேள்வி விளங்கும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஏழாம் காம்பராவில் மட்டுமே வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. அந்த வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பத்துப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு, ஆங்கிலக் குரலில் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பார்த்தோம். பிகாச்சு முதல் நாளில் ஆஷின் சொல்லைக் கேட்காமல் முரண்டு பிடித்ததும், ஸ்பியரோப் பறவைக் கூட்டம் துரத்தி வந்தபோது அவன் தன் உடம்பையே குறுக்கே வைத்து அதைக் காக்க முயன்றதும் மொழியின் துணை இல்லாமலே எங்களுக்கு விளங்கின. அதன் பிறகு அவன் பத்து வயதிலேயே நின்றுவிட்டான். நான் உயர்தரம் எழுதி, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலைக்கு வந்து, கண்ணாடியும் போட்டுவிட்டேன். 2022 நவம்பரில், அதுவரை வாகையனாக இருந்த லியோனைத் தோற்கடித்து அவன் உலக வாகையன் ஆன அத்தியாயத்தைப் பார்த்த அன்று, கொழுந்து நிறைக் கணக்கைப் பிழையாகக் கூட்டி மேலாளரிடம் ஏச்சு வாங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி புதிய தொடர். லிகோ என்ற சிறுமி பல்டேயா வட்டாரத்திலுள்ள தன் வீட்டை விட்டுக் கான்டோ வட்டாரத்திலுள்ள இண்டிகோ கல்லூரிக்கு வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்கே அவளுக்குத் துணையாகக் கிடைப்பது ஸ்ப்ரிகடிட்டோ என்னும் புல்வகைப் பூனைக்குட்டி. பாட்டி கொடுத்த பதக்கத்தைக் குறிவைத்து ஒரு கூட்டம் அவளைத் தேடி வருகிறது. சாரிசார்ட் என்னும் சிறகுள்ள தீவகைப் போக்கிமானின் முதுகில் வந்திறங்கும் ஃப்ரீட் என்ற பேராசிரியர் அவளைக் காப்பாற்றிப் பறக்கும் கப்பலுக்குக் கொண்டு செல்கிறார். அந்தக் கப்பலின் தலைவர், தொப்பி அணிந்த ஒரு பிகாச்சு. மனிதர் எவருக்கும் அந்தப் பதவி கொடுக்கப்படவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஓவியமும் பின்னணி வண்ணங்களும் ஆஷின் எந்தப் பருவத்தையும் விட மேலானவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தயக்கம் லிகோவைப் பற்றியது. அவள் வாயால் பேசுவதை விட மனத்துக்குள் பேசுவதே அதிகம். என்னவாக வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. இடம் மாறினால் தானும் மாறுவோம் என்ற எண்ணத்தில்தான் வீட்டை விட்டு வந்திருக்கிறாள். முதல் மோதலில் கட்டளை கொடுப்பதற்கே தடுமாறுகிறாள். ஆஷ் முதல் நாளே ‘போக்கிமான் மாஸ்டர் ஆவேன்’ என்று ஊர் கேட்கக் கூவியவன். அந்தக் கூவலுக்குப் பழகிய என் காதுக்கு இந்த அடங்கிய குரல் எட்டவில்லையோ என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது இதுதான்: இந்த மெதுவான நடை பின்னால் சூடு பிடிக்கிறதா, அல்லது தொடரின் இயல்பே இதுதானா? பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடத்தில் நான்தான் பழைய கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறேனா? பின்கதையை உடைத்துவிடாமல் சொல்லுங்கள்.

ஹட்டன் கடைசி பஸ்:

அக்கா, உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் காரணத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லிகோ அடக்கமானவள் என்பது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. கதையை முன்னே தள்ளும் அந்தப் பழைய பொறி இல்லாமல் போனதுதான் குறை.

ஆஷின் தொடரில் ஒவ்வொரு வாரமும் நமக்கு ஒரு கணக்கு இருந்தது. ஜிம் என்னும் மோதல் கூடங்களின் தலைவர்களை வென்று பெறும் எட்டுப் பதக்கங்கள், அதன் பின் லீக் என்னும் பெரும் போட்டி. இத்தனை ஆயிற்று, இன்னும் இத்தனை பாக்கி என்று விரல் விட்டு எண்ணினோம். தோல்விக்கும் அங்கே விலை இருந்தது. முதல் இண்டிகோ லீக்கில் அவன் ஏன் தோற்றான் என்று நினைத்துப் பாருங்கள். அவனுடைய சாரிசார்ட் அவன் சொல்லை மதிக்கவில்லை. மோதல் நடுவே அது படுத்துக்கொண்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவன் வெளியேற்றப்பட்டான். ஒரு துணையின் நம்பிக்கையைச் சம்பாதிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சிறுவர் தொடர் ஒன்று அதை விடக் கடுமையாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பிறகு 2016-இல் கலோஸ் லீக்கின் இறுதியில் அலெய்ன் என்ற போட்டியாளனிடம் தோற்றபோது நம்மில் எத்தனை பேர் இனி இந்தத் தொடரே வேண்டாம் என்று சபதம் எடுத்தோம்! 2019-இல் அலோலாவில் முதல் முறையாக ஒரு லீக்கை வென்றபோது இனித்ததற்கு, அத்தனை ஆண்டுக் கசப்புத்தான் காரணம்.

இங்கே ஸ்ப்ரிகடிட்டோவின் முரண்டு எவ்வளவு விரைவில் தீர்ந்துவிடுகிறது என்று பாருங்கள். ஆபத்து ஒன்று வந்தது, ஓடினார்கள், ஒட்டிக்கொண்டார்கள். அந்த ஒட்டுதலுக்கு அவள் எதையும் இழக்கவில்லை. லிகோவின் மர்மப் பதக்கம், போக்கிமானை அடைத்து வைக்கும் பழங்காலப் போக்கி பந்து, கறுப்பு ரேகுவாசா என்னும் அரிய நாகப் போக்கிமான் என்று ஒன்றன் மேல் ஒன்றாக முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போகிறார்கள். முடிச்சு அவிழும் வரை காத்திருப்பவர்களுக்கு அது போதும், வாரந்தோறும் ஒரு மோதல் பார்த்துப் பழகிய எனக்குப் போதவில்லை. ராய் என்ற சிறுவன் வந்த பிறகுதான் எனக்குச் சற்று மூச்சு வந்தது. அவனுக்காவது அந்த ரேகுவாசாவைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை கண்ணில் தெரிகிறது. அவனுடைய துணைப் போக்கிமான் ஃபியூகோகோ பாடத் தொடங்கினால் எங்கள் வீட்டில் அப்பா உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பிள்ளைக் காம்பரா டீச்சர்:

தம்பி சொல்வது மோதல் கணக்கில் சரி. ஆனால் லிகோ எதையும் இழக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்கிறேன். அம்மாமார் காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் முன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். புதிதாக வரும் பிள்ளை முதல் வாரம் வாயே திறக்காது. கதவோரத்தில் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் அதை இழுத்து நடுவில் உட்கார வைப்பார்கள், அது இன்னும் இரண்டு வாரத்துக்குப் பேசாது. பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் அது சும்மா இருப்பதில்லை. யார் அடிப்பார், யார் பங்கு கொடுப்பார், எந்த ஆயாவின் மடி சூடானது என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்து முடித்த பிறகுதான் நடுவுக்கு வரும்.

லிகோவின் திறமை அந்தக் கணக்கெடுப்புத்தான். ஆஷ் பாய்ந்து பார்த்துக் கற்றவன், இவள் பார்த்துவிட்டுப் பாய்கிறவள். பாட்டி சொல்லி வந்ததாகக் கூறியவரை அவள் உடனே நம்பிவிடவில்லையே, அது எதனால்? வகுப்பில் அவள் தோழி ஆனும் அவளுடைய போக்கிமான் ஓஷவாட்டும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள், இவளுடைய பூனையோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அப்போது அவள் கோபப்படாமல், தனக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று அதைக் கவனிக்கத் தொடங்குகிறாள். வீட்டையும் பழகிய ஊரையும் விட்டு விடுதிக்கு வந்த பிள்ளைக்கு, தன் துணையும் தன்னை விரும்பவில்லை என்பது சிறிய இழப்பா? நம் தோட்டங்களிலிருந்து புலமைப்பரிசில் பெற்று நகரத்து விடுதிகளுக்குப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

டாட் என்ற பிள்ளையையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். கப்பலுக்குள்ளேயே அறைக்கதவைத் திறக்காமல் இருப்பவள். வேடமணிந்து காணொளிகளில் கலகலப்பாகப் பேசும் நிடோதிங் யார் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். முகம் மறைத்தால்தான் பேச வரும் பிள்ளை அவள். அவளைக் கதாசிரியர்கள் ஏளனம் செய்யவில்லை, அவசரமாகத் திருத்தவும் இல்லை. கதவு திறக்க எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் கொடுக்கிறார்கள். இதைத்தான் தூறல் தங்கை மெதுவான நடை என்று சொல்கிறார் என்றால், அந்த நடை எனக்கு வேண்டும்.

நானுஓயா மேடை 2:

இருவரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். குரல்களைக் கவனித்தீர்களா? நான் ஜப்பானியக் குரலிலேயே பார்ப்பவன். ஆஷுக்கு, அதாவது சத்தோஷிக்கு, 1997 முதல் கடைசி வரை குரல் கொடுத்தவர் மட்சுமோட்டோ ரிகா. அவர் போய்விட்டார். ஆனால் பிகாச்சுவின் குரலான ஓட்டானி இகுவே இங்கேயும் இருக்கிறார். கப்பல் தலைவர் பிகாச்சுவுக்கும் அவரே குரல் கொடுக்கிறார். அதே குரல்வளையிலிருந்து முற்றிலும் வேறொரு ஆள் வருகிறார் என்பதுதான் வியப்பு. ஆஷின் பிகாச்சு கொஞ்சும், கெஞ்சும், தோளில் ஏறும். இவர் கைகட்டி நிற்கும் கங்காணி. ஒரு சொல் ‘பிகா’வில் வேலை முடிந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் பழைய துக்கம் எனக்கு ஆறியது.

தூறல் அவர்களே, கதையை உடைக்காமல் ஒன்று மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வேண்டாமென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இந்தத் தொடரில் காலம் ஓடுகிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய பகுதி, அதற்கு முந்திய நிகழ்ச்சிகளுக்கு ஓராண்டு கழித்து நடக்கிறது. பிள்ளைகளும் சற்று வளர்ந்திருக்கிறார்கள். பத்து வயதிலேயே நின்றுவிட்ட ஒருவனோடு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஹட்டன் தம்பிக்கும் ஒரு செய்தி: உங்களுக்கு வேண்டிய மோதல்கள், போக்கிமானைப் பளிங்குபோல் உருமாற்றும் டெராஸ்டல் என்னும் உத்திக்கான பயிற்சியோடு வருகின்றன. லிகோவுக்குப் பிராசியஸ், ராய்க்குக் கோஃபு, டாட்டுக்கு அயோனோ என்று ஜிம் தலைவர்களிடம் சோதனை வைக்கிறார்கள். முகம் மறைத்துக் காணொளி செய்யும் பிள்ளையை, ஊரறிய நேரலை செய்யும் அயோனோவின் முன் கொண்டுபோய் நிறுத்தியவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

ஹட்டன் கடைசி பஸ்:

டீச்சர், விடுதிப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் பழைய வாக்கியத்தை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. நானும் கண்டியில் விடுதியில் படித்தவன்தான். முதல் தவணை முழுவதும் எவரோடும் பேசாதவன். ஆனாலும் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கவனிக்கும் திறமை மோதலிலும் தெரிய வேண்டும். எதிரியின் போக்கிமான் செருலெட்ஜ் வாள் வீசும்போது அவள் எதைக் கவனித்தாள், அதனால் எந்தக் கட்டளையை மாற்றினாள் என்று காட்டினால் என்னைப் போன்றவர்களும் அவள் பக்கம் வந்துவிடுவோம். இந்த 13 அத்தியாயங்களில் அது போதாது. பாதி நேரம் ஃப்ரீடும் சாரிசார்டும் வந்து காப்பாற்றுகிறார்கள். பிராசியஸ் வரை பார்த்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.

தலவாக்கலைத் தூறல்:

எல்லோருக்கும் நன்றி. மேடை 2 அவர்களே, தாண்டச் சொன்ன பத்தியைத்தான் முதலில் படித்தேன்; குற்றம் என்னுடையது.

டீச்சர் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முதல் அத்தியாயத்தை மீண்டும் போட்டேன். இஸ்தோப்பின் இடது மூலையில் மட்டும்தான் சிக்னல் நிற்கும் என்பதால், நானும் அண்ணன் மகளும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தோம். ஸ்ப்ரிகடிட்டோ லிகோவைத் திரும்பியும் பார்க்காத இடத்தில், “பாவம் லிகோ” என்று நான் சொன்னேன். அண்ணன் மகளுக்கு ஏழு வயது; அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், “இல்ல அத்தை, அது இவ என்னா செய்றான்னு பாக்குது. காத இந்தப் பக்கம் வச்சிருக்கு பாருங்க” என்றாள். எங்கள் வீட்டுக்கு ரொட்டி சுடும் நேரத்தில் மட்டும் வரும் பக்கத்துக் காம்பராப் பூனையை அவள் ஒரு மாதமாகத் தொடாமல் பழக்கிக்கொண்டு இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தம்பி சொன்ன சாரிசார்ட் நியாயம் இன்னும் என் மனத்தில் நிற்கிறது. முரண்டு தீர்ந்த வேகம் எனக்கும் சற்று அதிகமாகத்தான் படுகிறது. அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் குரல் எட்டவில்லை என்று எழுதினேனே, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். 14-ஆம் அத்தியாயத்தை இன்று இரவு பார்க்க வேண்டும் என்று தலைமாட்டில் ஒருத்தி நின்றுகொண்டு அவசரப்படுத்துகிறாள். மூடுபனி இறங்கிவிட்டால் மூலையிலும் சிக்னல் கிடைக்காது.