'உதிர் எண்': பகாக் காரணிகள் எல்லாம் சிறியனவாக அமைந்த எண்ணுக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பகாக் காரணிகள் அனைத்தும் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாத எண்ணை ஆங்கிலத்தில் 'ஸ்மூத்' எண் என்பர். அதற்கு 'வழவழ எண்' என்று நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வழவழப்பு மேற்பரப்பின் குணம். இங்கே பேச்சு, எண் எவ்வளவு சிறிய துண்டுகளாகப் பிரிகிறது என்பதைப் பற்றியது. மேலும், எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடத்தக்க சார்புக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்குவதால், இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று மாணவர்கள் மயங்குவார்கள்.

மற்றொருவர் தந்த 'சிறுகாரணி எண்' இதைவிட நன்று. ஆனால் ஒரு மாபெரும் பகா எண்ணை 2ஆல் பெருக்கினாலும் அதற்கு ஒரு சிறு காரணி உண்டு. அது நாம் பெயரிட விரும்பும் எண் அன்று. 'எல்லாம் சிறியவை' என்ற கருத்து அச்சொல்லில் இல்லை.

மொரீஷியஸில் கணக்கை ஆங்கிலத்தில் படித்தாலும் பிரெஞ்சு நூல்களும் எங்கள் கைக்கு வருகின்றன. அவற்றில் இவ்வெண்ணை 'ஃப்ரியாப்ல்' என்றும் சொல்வர். எளிதில் நொறுங்கிப் பொடியாவது என்று பொருள். புட்டுக்குப் பிசிறிய மாவு பிடித்தால் நிற்கும், விரல் பட்டால் உதிரும். ஆகவே 'உதிர் எண்' என்பது என் முன்மொழிவு. பகு எண்ணைப் போலவே இதுவும் வினைத்தொகை என்பதால் இரண்டும் ஒரே வரிசையில் இயல்பாக அமர்கின்றன.

சொல்லின் பயனை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். 2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1 குறைத்தால் வரும் 147573952589676412927 பகு எண் என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா காட்டினார்; 193707721, 761838257287 என்ற அதன் காரணிகளை 1903இல் அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார். இவற்றுள் சிறியதிலிருந்து 1 கழித்தால் கிடைக்கும் 193707720 என்பது 2³ × 3³ × 5 × 67 × 2677 ஆகும். அதாவது அதன் பகாக் காரணி எதுவும் 2677ஐத் தாண்டவில்லை; அது 2677-உதிர் எண். 1974இல் பிரித்தானியக் கணிதர் பொல்லார்டு தந்த காரணி காணும் முறைப்படி, இந்த எல்லைக்கு உட்பட்ட பகா எண்களின் அடுக்குகளைப் பெருக்கி, அப்பெருக்கத்தை 3 போன்ற ஓர் எண்ணுக்கு அடுக்காக்கி, 1 கழித்து, மூல எண்ணோடு மீப்பெரு பொதுக் காரணி கண்டால் 193707721 தனியே வெளிப்படும். (3க்குப் பதில் 2ஐ எடுத்தால் பயனில்லை, அதன் 67ஆம் அடுக்கை மூல எண்ணால் வகுத்தால் 1 மீதமாகும்; ஆகவே பொதுக் காரணியாக மூல எண்ணே திரும்ப வரும்.) பெரிய காரணியிலிருந்து 1 கழித்தால் கிடைப்பது 2 × 3² × 29 × 67 × 2551 × 8539; அந்த 8539 எல்லைக்கு வெளியே நிற்பதால்தான் இரு காரணிகளும் ஒன்றாகக் கலந்து வருவதில்லை. இத்தனை செய்தியையும் '2677-உதிர் எண்', '8539-உதிர் எண்' என்ற இரண்டு பெயர்களால் சொல்லிவிடலாம். மறையீட்டுத் துறையில் காரணி காணும் சவாலாக வெளியிடப்பட்டு 2020இல் பகுக்கப்பட்ட 250 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணுக்குப் பயன்பட்ட, சல்லடை எனப்படும் காரணி காணும் முறையும் உதிர் எண்களைத் தேடிச் சேர்ப்பதையே அடித்தளமாகக் கொண்டது.

பண்பைக் குறிக்க 'உதிர்மை', எல்லையைக் குறிக்க 'உதிர்வெல்லை' என வழங்கலாம். எங்கள் ரூபாய்த் தாள்களில் தமிழ் எண்ணுருக்கள் அச்சாகின்றன. அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு எண்களின் பண்புகளைப் பேசவும் தமிழ்ச்சொல் கிடைக்க வேண்டும் என்பது என் ஆவல்.

எல்லைக்குக் கீழே ஒரு பகாக் காரணியும் இல்லாத 'ரஃப்' எண்ணுக்கு மட்டும் 'உதிரா எண்' என்று வைத்துவிட வேண்டாம். உதிராத எண்கள் எல்லாம் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. மேலே சொன்ன, 2ஆல் பெருக்கிய பெரும் பகா எண் இரண்டு வகையிலும் அடங்காது. ஆகவே 'ரஃப்' எண்ணுக்குத் தனிச்சொல் தேவை. உங்கள் முன்மொழிவுகளை எழுதுங்கள்.