ஷா தஹ்மாஸ்பின் ஷாநாமா ஏன் பிரிந்து கிடக்கிறது?

கோண்டாவில் மாணவி:
பல்கலைக்கழகத்தில் சித்திரம் பயிலும் நான், பாரசீகக் கவிஞர் பிர்தௌசி 1010ஆம் ஆண்டளவில் பாடி முடித்த ஷாநாமா என்ற அரசர் காவியத்தின் பிரதிகளுள், 16ஆம் நூற்றாண்டில் தப்ரீஸ் அரண்மனை ஓவியர்கள் ஈரானிய மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகத் தீட்டிய பிரதியைப் பற்றி ஒப்படை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே நூலின் ஏடுகள் நியூயோர்க், ரொறன்ரோ, தெஹ்ரான் என்று ஊருக்கு ஊர் கிடப்பதற்குப் போர்தான் காரணமா?

சுவடிப்பித்தன்:
போர் காரணமல்ல. 1568இல் ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் செலிமுக்குப் பரிசாகச் சென்ற இந்நூல், இஸ்தான்புல் அரண்மனையில் நூற்றாண்டுக் கணக்கில் கட்டுக் குலையாமல் இருந்தது. 1959இல் இதை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் ஆர்தர் ஹௌட்டன்தான் கட்டை அவிழ்த்தவர். 258 ஓவியங்களில் 78ஐ 1970இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்குக் கொடுத்தார். 1976 முதல் லண்டனில் ஏடு ஏடாக ஏலம் போயிற்று. அவர் இறந்த பின்னர், எஞ்சிய 118 ஓவியங்களும் எழுத்து ஏடுகளும் அட்டையும் 1994இல் வியன்னா விமான நிலையத்தில் ஈரானுக்குக் கைமாறின. பதிலுக்கு ஈரான் கொடுத்தது, 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பின் தெஹ்ரானில் காட்சிக்கு வைக்க முடியாதிருந்த அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங்கின் பெண்ணோவியம் ஒன்று. ஏட்டுக்கட்டின் கயிற்றை உருவி, நல்ல ஏடுகளை மட்டும் விலைபேசுகிறவனை நம்மூரில் என்ன சொல்லித் திட்டுவோமோ, அதையே இவருக்கும் சொல்லலாம்.

நல்லூர் வாசகர்:
சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டீர்கள். அரண்மனைக்குள் பூட்டிக் கிடந்தபோது அதை எத்தனை பேர் பார்த்தார்கள்? இன்று சாதாரண மக்களும் சில ஏடுகளையாவது நேரில் காண்கிறார்கள் அல்லவா?

சுவடிப்பித்தன்:
காண்கிறார்கள்; ஆனால் காண்பது படத்தை, நூலையல்ல. சுல்தான் முஹம்மது என்ற ஓவியர் தீட்டிய ‘கயூமர்ஸின் அரசவை’யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அரசன் மலையுச்சியில் அமர்ந்திருக்க, சிறுத்தைத் தோல் போர்த்த மக்கள் கீழே வளைந்து நிற்கிறார்கள். பாறைகள் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓரத்துப் பொன்தாளில் ஏறுகின்றன. உற்றுப் பார்த்தால் அந்தப் பாறைகளுக்குள்ளேயே மனித முகங்களும் விலங்கு முகங்களும் ஒளிந்திருக்கின்றன. அரசன் மகன் சியாமக்கை நோக்கும் பார்வையில் ஏன் அத்தனை துயரம் என்பது, அவனைத் தீயபூதம் கொல்லப்போவதைச் சொல்லும் செய்யுளுக்கு வந்தால்தான் விளங்கும். சட்டகத்துக்குள் மாட்டிய ஏட்டைப் புரட்டி அடுத்த செய்யுளுக்குப் போக யாரால் முடியும்?

கோண்டாவில் மாணவி:
மிக்க நன்றி. இந்தக் கயூமர்ஸ் ஏடு இப்போது எங்கே இருக்கிறது?

நல்லூர் வாசகர்:
ரொறன்ரோவிலுள்ள ஆகா கான் நூதனசாலையில். நமக்கு அங்கே சொந்தக்காரருக்கா பஞ்சம்? ஆயினும், வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் இத்தகைய ஏடுகளை எப்போதும் காட்சியில் வைப்பதில்லை. விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒப்படைக்கு, 258 ஓவியங்களையும் சேர்த்து மெற்றோபொலிற்றன் வெளியிட்ட பெருநூலே போதுமானது.