பூனைக்கு கருத்தடை பண்ணதுக்கப்புறம் வலி: தீசிஸ் தலைப்ப எப்படி சுருக்குறது?

ஈசூன்_வெட்:
வணக்கம். சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம் ஒரு கிளினிக்ல வெட்டா, அதாவது கால்நடை டாக்டரா இருக்கேன், வேல பாத்துக்கிட்டே வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்ணுல மயக்க மருந்து, வலி நிவாரணத்துல ஆன்லைன் மாஸ்டர்ஸ் பண்றேன். பாடமெல்லாம் முடிஞ்சிருச்சு, தீசிஸுக்கு 9 மாசம் இருக்கு. பெண் பூனைங்களுக்கு கருத்தடை பண்ணும்போது வழக்கமான வலி மருந்து மெத்தடோனோட வயித்துக்குள்ள பூபிவகெயினும் (மரத்துப்போக வெக்கிற மருந்து) விட்டா வலி குறையுதான்னு பாக்க ஆசை, சமூகப் பூனைங்க (ஓனர் இல்லாத தெருப் பூனைங்க) நிறைய வருது அதனால எண்ணிக்கைக்கு குறையில்லன்னு நெனச்சேன், ஆனா சூப்பர்வைசர் இது ரொம்ப பெருசு சுருக்குங்கன்னு சொல்லிட்டாங்க. பழைய ரெக்கார்டு வெச்சு மட்டும் பண்ணலாமா? ராத்திரி கூண்டு மூலையில சுருண்டு கெடக்குற பூனைய பாத்துட்டு வீட்டுக்கு போறது கஷ்டமா இருக்கு, அதனாலதான் இந்த தலைப்ப விட மனசு வரல.

செங்காங்_அக்கா:
பழைய ரெக்கார்டு வேண்டாம்மா. அதுல இதயத்துடிப்பு, ஐசோஃப்ளுரேன் மயக்க வாயு எவ்வளவு ஓடுச்சுன்னு இருக்கும், வலி ஸ்கோர் பாதி ஷீட்ல இருக்காது, நான் அதுல 4 மாசம் தொலைச்சேன். மருந்து ஒப்பீடுன்னா ரெண்டு குரூப், சிரிஞ்ச மறைக்கணும், ஸ்கோர் போடுறவங்களுக்கு எந்த பூனைக்கு என்ன போச்சுன்னு தெரியக்கூடாது, 9 மாசத்துல தனியா முடியாது. மூஞ்சிய பாத்து வலிய அளக்குற பூனை முக ஸ்கோர் இருக்குல்ல, 2019ல மான்ட்ரியல்காரங்க கொண்டு வந்தது, காது, கண்ணு, மூஞ்சி இறுக்கம், மீசை, தலை இருக்குற நிலை, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 2, மொத்தம் 10. அதையே எடு. ஒரே பூனைக்கு நீ போடுற ஸ்கோரும் நர்ஸ் போடுற ஸ்கோரும் எவ்வளவு ஒத்துப்போகுது, இதான் கேள்வி. வழக்கமான வலி மருந்து எல்லா பூனைக்கும் போகும். 4 வந்துட்டா ரெஸ்க்யூ டோஸ், அதாவது கூடுதல் வலி மருந்து, உடனே, அத மெத்தட்ஸ்லயே எழுதிரு, எதிக்ஸ் கமிட்டி மொதல்ல அதத்தான் தேடும். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஸ்கோர் கட்டாயம் எடு, பயந்த பூனையும் காத மடக்கும்.

கூண்டுப்பக்கம்:
நான் வெட் நர்ஸ், ஒண்ணு சொல்லணும் டாக்டர். சமூகப் பூனைக்கு கருத்தடை பண்ணும்போதே இடது காது நுனிய வெட்டுறோம்ல. போட்டோ வெச்சு ஸ்கோர் போட்டா, நுனி இல்லாத காத பாத்ததுமே இது ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்ததுன்னு தெரிஞ்சிரும், பாக்குறவங்க தன்னையறியாம ஸ்கோர கூடுதலா போட்டுருவாங்க. அந்த காதும் வலிக்கும், காது நிலைக்கும் மார்க் இருக்கு. அதனால வீட்டுப் பூனைங்கள மட்டும் எடுங்க. 2024 செப்டம்பர்லேர்ந்து வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல பூனை வளக்கலாம்னு ஆனதுனால ஓனருங்களும் தயங்காம பேசுறாங்க, எழுத்துல சம்மதம் வாங்குறது சுலபம். அப்புறம் கூண்ட தெறக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, கைய உள்ள விட்டா மூஞ்சி மாறிரும்.

செங்காங்_அக்கா:
காது விஷயம் எனக்கு தோணவே இல்ல, ரொம்ப நன்றி. டேட்டா எடுக்குறதுக்கு முன்னாடியே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிஞ்சவங்கள பாரும்மா, எத்தன பூனை, எத்தன பேர் ஸ்கோர் போடணும்னு அவங்க சொல்லட்டும். எதிக்ஸ் ஃபார்ம் இந்த வாரமே அனுப்பு, யுனிவர்சிட்டி கமிட்டி மட்டும் போதுமா இங்க உள்ள ஐஏசியூசியும் (விலங்கு ஆராய்ச்சிய பாக்குற கமிட்டி) பாக்கணுமான்னு அவங்களையே கேட்டுரு, பதில் வர்றதுக்குள்ள மெத்தட்ஸ் அத்தியாயத்த எழுதிரலாம்.

ஈசூன்_வெட்:
அக்கா, கூண்டுப்பக்கம், ரெண்டு பேருக்கும் நன்றி. பூபிவகெயின இப்போதைக்கு விட்டுர்றேன், வீட்டுப் பூனைங்க மட்டும், நானும் ரெண்டு நர்ஸும் போட்டோவ கலைச்சு போட்டு ஸ்கோர் போடுறோம். எங்க நர்ஸுங்ககிட்ட இன்னிக்கு சாயங்காலமே கேட்டேன், ஒருத்தங்க உடனே சரின்னாங்க, இன்னொருத்தங்க ராத்திரி ஷிஃப்ட், அவங்க நேரத்துக்கு ஏத்த மாதிரி ஆபரேஷனுக்கு அப்புறம் 3 மணி நேரத்துல எடுக்குற ஸ்கோர வெக்கணும்.