ஜிம்னியில் 2 இஞ்ச் லிஃப்ட், 235 டயர்: ஒடிச்சா உரசல், பள்ளத்தில் ‘டக்’ சத்தம்

பானஸ்வாடி ஜிம்னி:
வணக்கம். வண்டி மாருதி 5 கதவு ஜிம்னி (சின்ன 4x4 ஜீப்). பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் வண்டியை உயர்த்தற 2 இஞ்ச் லிஃப்ட் ஸ்பிரிங், 235/75 ஆர்15 டயர் (235 மி.மீ. அகலம்), நீளம் மாத்தக்கூடிய பேனார்டு ராடு (ஆக்ஸிலையும் ஃபிரேமையும் குறுக்கே இணைக்கற கம்பி), முன் ஆக்ஸில் நடுவில் இருக்கற டிஃபரன்ஷியல் கியர் பெட்டிக்கு இரும்பு கார்டு எல்லாம் மாட்டினேன். வீல் கம்பெனி கொடுத்ததுதான். இப்போ ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயரோட உள்பக்கம் ரேடியஸ் ஆர்மில் (ஆக்ஸிலை முன்பின் நகராம ஃபிரேமோட பிடிக்கற கை) உரசுது; ஆர்மில் பெயின்ட் போய் பளபளன்னு இருக்கு. ஸ்பீட் பிரேக்கரில் கொஞ்சம் வேகமா இறங்கினா முன்னாடி இரும்போட இரும்பு மோதற சத்தம் வேற. கடையில் “ஸ்பிரிங்குக்கு இன்னும் ஒரு இஞ்ச் ஸ்பேசர் (உயரம் கூட்டற வளையம்) போட்டா சரியாயிடும்”ங்கறாங்க. போடலாமா?

ஒயிட்ஃபீல்டு 4x4:
உரசலுக்கு, சக்கரம் எவ்வளவு ஒடியலாம்னு தடுக்கற ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைங்க ப்ரோ. யு-டர்ன் அகலமாகும், அவ்வளவுதான். சத்தம் பத்தி பீன்யா அண்ணன் சொல்லட்டும்.

பீன்யா வெல்டிங்:
தம்பி, ஸ்பேசர் வாங்காதீங்க. லிஃப்ட் போட்டா வண்டி நிக்கற உயரம்தான் கூடுது. சக்கரம் மேலே எதுவரைக்கும் ஏறலாம்னு முடிவு பண்றது பம்ப் ஸ்டாப்ங்கற ரப்பர் தடுப்பு. அதை யாரும் தொடலை. அதனால முழுசா அமுங்கும்போது ஆக்ஸில் பழைய இடத்துக்கே வந்து நிக்கும். அந்த இடத்தில் இப்போ தடிமனான ராடும் புது கார்டும் இருக்கு. ஸ்பேசர் போட்டா மோதறது குறையும், ஆனா நிக்காது. காட்டுப்பாதையில் ஒரு பெரிய குழியில் விழுந்தா அதே இடத்தில்தான் அடிக்கும்.

முதல்ல எங்கே இடிக்குதுன்னு கண்ணால பாருங்க. ஃபிரேமுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஷாக்கோட கீழ் போல்ட்டைக் கழட்டி, முன்னாடி ரெண்டு காயில் ஸ்பிரிங்கையும் வெளியே எடுங்க. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடக் கூடாது. அப்புறம் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக் வெச்சு, பம்ப் ஸ்டாப் நசுங்கற வரைக்கும் மெதுவா ஏத்துங்க. முதல்ல ரெண்டு பக்கமும் சமமா, அப்புறம் ஒரு பக்கம் மட்டும். ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒடிச்சுப் பாருங்க. சந்தேகப்படற இடத்தில் எண்ணெய் தடவின சப்பாத்தி மாவை உருட்டி ஒட்டி விடுங்க. இறக்கினதும் நசுங்கின மாவோட தடிமனை அளந்தா அதுதான் உண்மையான இடைவெளி. 10 மில்லிமீட்டருக்குக் குறைஞ்சா நான் வண்டியை வெளியே விடமாட்டேன். ஏன்னா ஜாக்கில் ஏத்தும்போது ராடு, ஆர்ம் முனையில் இருக்கற ரப்பர் புஷ் சும்மா இருக்கும், ஓட்டும்போது சுமையில் நெளியும்.

வெட்டணும்னா கார்டை வெட்டுங்க. ராடில் கிரைண்டர் வைக்கவோ, சூடு காட்டி வளைக்கவோ எவன் வந்தாலும் விடாதீங்க. முன் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராம பிடிச்சிருக்கறது அந்த ஒரு ராடுதான்.

டயருக்குக் கணக்கு இருக்கு. கம்பெனி வீல் ஆஃப்செட் +5, அதாவது வீலோட நடுக்கோடு ஹப்பில் மாட்டற முகத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே. கம்பெனி 195 டயரோட உள் ஓரம் ஹப் முகத்திலிருந்து 102.5 மி.மீ. உள்ளே இருந்தது. அதே வீலில் 235 போட்டா 122.5. ஆர்ம் பக்கமா 20 மி.மீ. நெருங்கிட்டீங்க. பழைய இடைவெளி வேணும்னா −15 ஆஃப்செட் வீல் வேணும். அதில் வெளி ஓரம் 40 மி.மீ. வெளியே தள்ளும், பேரிங்குக்குச் சுமை கூடும், பம்பர் மூலையில் உரசலாம். 215/75 போதும்னு நான் சொல்வேன். 235தான் வேணும்னா ஸ்டாப் போல்ட் வழி நல்ல வழி.

பானஸ்வாடி ஜிம்னி:
அண்ணா, ஸ்பிரிங்கைக் கழட்டிப் பாத்தாச்சு. கார்டோட மேல் விளிம்புதான்! ராடு வந்து உக்கார்ற இடத்தில் மாவு காகிதம் மாதிரி ஆயிடுச்சு, விளிம்பில் அரைவட்டமா அடிபட்ட தழும்பும் இருக்கு. விளிம்பை வெட்டினா 7 மி.மீ. கிடைக்கும் போல.

பீன்யா வெல்டிங்:
கார்டைக் கழட்டி கீழே வெச்சு வெட்டுங்க, வண்டியில் வெச்சே வெட்டினா பொறி பிரேக் ஹோஸ் மேல விழும். வெட்டின ஓரத்தை மழுக்கி பிரைமர் அடிங்க. மீதி இடைவெளிக்கு பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே ஒரு தட்டு கொடுத்து, திரும்ப மாவு வெச்சுப் பாருங்க. மேல்நோக்கிப் போற டிராவல் அந்த அளவுக்குக் குறையும், அதை ஏத்துக்கணும்.

ஒயிட்ஃபீல்டு 4x4:
இன்னொண்ணு ப்ரோ. பழைய டயர் விட்டம் 693 மி.மீ., இது 733. மீட்டர் அதே வேகம் காட்டினாலும் முன்னைவிட சுமார் 6 சதவீதம் கூடுதல் வேகத்தில் போவீங்க. அடுத்து இரும்பு பம்பர் ஆசை வந்தா வண்டியில் மாற்றம் பண்றது பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படிங்க. ஏர்பேக் இருக்கற வண்டி, இரும்பு பம்பர் அது விரியறதைக் கெடுக்கலாம்; அந்த விஷயத்தில் விளையாடாதீங்க.

பீன்யா வெல்டிங்:
சரியாச் சொன்னார். தம்பி, திரும்ப மாட்டும்போது ராடு, ஆர்ம் புஷ் போல்ட்டையெல்லாம் சக்கரம் தொங்கற நிலையில் இறுக்கிடாதீங்க, ரப்பர் முறுக்கியே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடும். வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி விட்டு அப்புறம் டார்க் ரெஞ்சில் இறுக்குங்க. ராடு நீளத்தையும் அப்பவே வைக்கணும்: ஃபிரேமிலிருந்து டயர் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிங்க. லிஃப்ட் போட்டதில் ஆக்ஸில், ராடு ஃபிரேமில் மாட்டியிருக்கற பக்கமா நகர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தில் பாதியை ராடில் நீட்டினா நடுவுக்கு வந்திடும். கடைசியா வீல் அலைன்மென்ட்.