டிரம் மென்பொருளும் எக்ஸ்பேன்ஷன் பேக்குகளும்: வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

வீட்டிலிருந்தபடியே பாடல்களுக்கு இசைக்கோர்ப்பு செய்பவன் என்ற முறையில், டிரம் மென்பொருளும் (ஸ்டுடியோவில் பதிவு செய்த டிரம்ஸ் ஒலிகளைக் கணினியில் வாசிக்க உதவுவது) அதற்கான எக்ஸ்பேன்ஷன் பேக்குகளும் (கூடுதல் ஒலித் தொகுப்புகள்) வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தைப் பகிர்கிறேன். எத்தனை ஜிபி, எத்தனை கிட் (டிரம்ஸ் தொகுதி) என்ற கணக்கை விட, அந்த டிரம்ஸ் எந்த அறையில் பதிவானது என்பதே என் தேர்வை முடிவு செய்தது.

டூன்ட்ராக் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஈஸிடிரம்மர் 3இன் அடிப்படை ஒலிகள் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் பதிவானவை. அவை மெயின், பிரைட், டைட் என மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மிடி பேட்டர்னை (எந்த அடி எப்போது, எவ்வளவு பலமாக விழ வேண்டும் என்ற கணினிக் குறிப்பை) மூன்றிலும் மாற்றி மாற்றி ஓட்டிக் கேட்டபோது, மெல்லிசைப் பாடலுக்கு டைட் அறை உடனே பொருந்தியது. மெயின் அறையின் ஸ்னேரோ (கூர்மையாக ஒலிக்கும் டிரம்) பாடகரின் குரலுக்குப் பின்னால் நீண்டு ஒலித்து, வரிகளின் முடிவை மூடிவிட்டது. ரிவெர்பை (செயற்கை அறை எதிரொலியை) பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்கிலும் தள்ளி வைக்கும் ரூம் மைக்கிலும் பதிந்துவிட்ட அறையின் ஒலியை ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து முழுமையாக நீக்க முடியாது. ஆகவே எந்த பேக்கையும் வாங்குவதற்கு முன், முழு மிக்ஸாக வரும் டெமோவை மட்டும் நம்பாமல், டிரம்ஸ் தனியாக ஒலிக்கும் பகுதியைத் தேடிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

அதே நிறுவனத்தின் சுப்பீரியர் டிரம்மர் 3 வேறு வகை. 2017இல் வந்த அதன் ஒலித்தொகுப்பை பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவு செய்தார். மொத்த அளவு 230 ஜிபிக்கும் மேல். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகக் கையாள விரும்பும் மிக்சிங் பொறியாளருக்கு அது பெரிய வரம்தான். பாடலை விரைவாக முடித்துக் கொடுக்க வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு, அத்தனை ஃபேடர்கள் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடுகள்) வேலையை இழுத்துக்கொண்டே போகும்.

பேக்குகளின் பொருத்தத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸிடிரம்மருக்கான ஈஸிஎக்ஸ் பேக்குகள் சுப்பீரியர் டிரம்மரிலும் திறக்கும், சுப்பீரியர் டிரம்மருக்கான எஸ்டிஎக்ஸ் பேக்குகள் ஈஸிடிரம்மரில் திறக்காது. எக்ஸ்எல்என் நிறுவனத்தின் அடிக்டிவ் டிரம்ஸ் 2க்கான ஏடிபேக்குகள் அந்த மென்பொருளுக்கு மட்டுமே உரியவை. மிடி பேக் என்று தனியாக விற்கப்படுவதில் தாளங்கள் மட்டுமே இருக்கும், புதிய ஒலி எதுவும் வராது.

நம் பாடல்களுக்கு வரும் பெரிய சிக்கல் ஆறு-எட்டுத் தாளம்தான் (மூன்று மூன்றாகச் சேர்ந்த ஆறு அடிகள்). பெரும்பாலான மிடி பேக்குகள் ராக், பாப் இசையின் நான்கு-நான்கு தாளத்தை மையமாகக் கொண்டவை. அவற்றிலுள்ள ஆறு-எட்டும் மேற்கத்திய மெதுநடைப் பாடல்களின் சாயலில், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) முதல் அடியிலும் ஸ்னேர் நான்காம் அடியிலுமாக நிதானமாக நடக்கும், குத்துப் பாட்டின் துள்ளல் அதில் வராது. தட்டிக் காட்டினால் அதற்கு நெருங்கிய தாளத்தைத் தேடித் தரும், டூன்ட்ராக் மென்பொருள்களின் டேப்டுஃபைண்ட் வசதியிலும் எனக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை. கடைசியில் ஹை-ஹேட்டை (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) நானே கீபோர்டில் வாசித்து, ஒவ்வொரு மூன்றின் முதல் அடிக்கு 100க்கு மேலும் மற்ற இரண்டுக்கு 60, 75 என்றும் வெலாசிட்டி (அடியின் பலத்தைக் குறிக்கும் மிடி எண்) வைத்ததும் தாளத்துக்கு உயிர் வந்தது. எல்லா அடிகளையும் ஒரே வெலாசிட்டியில் வைத்தால், எத்தனை ஜிபி ஒலிப்பதிவு இருந்தாலும் தையல் இயந்திரம் ஓடுவதைப் போலத்தான் கேட்கும். தவிலுக்கும் பறைக்கும் இந்த மென்பொருள்களை நம்பிப் பயனில்லை. அவற்றுக்குக் கலைஞரை அழைத்து வாசிக்கச் சொல்வதையே நான் விரும்புகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இலவசமாகக் கிடைக்கும் எம்டி பவர் டிரம் கிட் 2, ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸின் இலவசப் பதிப்பு ஆகியவற்றில் சில பாடல்களை முடித்துப் பார்க்கலாம். கீபோர்டில் நேரடியாக வாசிக்கும்போது பஃபரை (கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் தாமதம். 512இல் அதுவே 12 மில்லிசெகண்டை நெருங்கிவிடும், ஆடியோ இன்டர்ஃபேஸின் (கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையிலுள்ள கருவியின்) சொந்தத் தாமதமும் அதன்மேல் சேரும். மிக்சிங்கின்போது பஃபரை மறுபடி கூட்டிவிட்டால் கணினியின் சுமை குறையும்.